மணலுக்கு இரண்டு மில்லிமீட்டர்

1

திஜானி காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தான். முகம் கழுவினான். தொழுதான். நான்கு பேருக்கான காபிக் குடுவையில் ஒருவருக்கான காபி போட்டான். எனவே காபியில் கருகல் வாடை இருந்தது. நேற்றைய ரொட்டியை அடுப்பில் வாட்டி ஆலிவ் எண்ணெயில் தொட்டுத் தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். காரில் உட்கார்ந்து தன் பக்கக் கண்ணாடியை இறக்கினான். வலது பக்கக் கண்ணாடியை இறக்கவில்லை. கொதிக்கிற வெயிலிலும் அதை இறக்குவதில்லை. நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் போனான்.

இது இந்தக் கதையின் மூன்றாவது தொடக்கம். முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘சூஃப் நிலத்தின் மணல், பொன்னை உருக்கி ஊற்றியதைப் போல—’ அதோடு நிறுத்திவிட்டேன். சூஃப் எங்கள் பாலைவனப் பகுதி; அங்கே மணல் மணலைப் போலத்தான் இருந்தது. இரண்டாவது, ஒரு மரணத்தில் தொடங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கதைக்குப் போக இடமில்லை.

உண்மையில் இது ஓர் அளவுக் குறிப்பிலிருந்து வந்தது. அலுவலகத்தின் பழைய பதிவேடு ஒன்றில் இரும்பு வளையம் ஒன்றை வரைந்து, பக்கத்தில் ‘பல் எட்டு, இடைவெளி இரண்டு மில்லிமீட்டர்’ என்று குறித்திருந்தது. அதன் கீழே ‘இரண்டு ஏன்?’ என்று எழுதினேன். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப் போய் இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிஹாம் திஜானியின் மனைவி. கதை தொடங்கும்போது அவள் இறந்து சில மாதங்கள் ஆகின்றன. இதில் அவள் பேசுவதெல்லாம் நான் எழுதியது. ஒன்றைத் தவிர.

2

காரைப் பற்றிக் கொஞ்சம். பழைய ரஷ்யக் கார், உயரம் அதிகம், நான்கு சக்கரமும் இழுக்கும் என்பார்கள். முழு உண்மை அல்ல.

பின்பக்கத்தில் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் கூடு உண்டு. அதற்குள் இருப்பது டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக. இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இது வழி செய்து கொடுக்கும். நல்ல ஏற்பாடு. குறை ஒன்றுதான்: எந்தச் சக்கரத்துக்கு வேலை சுலபமோ அந்தப் பக்கமே சுழற்சி போய்விடும். ஒரு சக்கரம் பொடி மணலிலும் மற்றது கெட்டி நிலத்திலும் இருந்தால், மணலில் இருப்பது பம்பரமாகச் சுற்றும். கெட்டி நிலத்தில் இருப்பது சும்மா நிற்கும்.*

இதற்கு மருந்து, லாக். தேவைப்படும்போது ஒரு லீவரை இழுத்தால் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். சும்மா நிற்பதும் சுற்றியே ஆக வேண்டும். எங்கள் ஊரில் இது விற்பனைக்கு இல்லை. செய்துகொள்ள வேண்டும்.

(* சிஹாம் இதை அலுவலகத்தோடு ஒப்பிட்டாள். ‘உன் மேலதிகாரி அந்த நிக்கிற சக்கரம். நீ மணல்ல சுத்துற சக்கரம்.’ இதுவும் நான் எழுதியதுதான். ஆனால் மேலதிகாரி உண்மை.)

3

லஸ்ஹர், சிஹாமின் அண்ணன். பட்டறை வைத்திருக்கிறான். அவன் செய்வது பிவோ. வயலின் நடுவில் நட்ட கம்பத்தைச் சுற்றி மெதுவாக நடந்து தண்ணீர் தெளிக்கும் நீளக் குழாய். வெளிநாட்டிலிருந்து வந்தவை எங்கள் மணலில் ஒரு வருடம் நடந்துவிட்டு நின்றுவிட்டன. லஸ்ஹர் போன்றவர்கள் பழைய குழாயையும் லாரிச் சக்கரத்தையும் வைத்துச் செய்தவை இன்னும் நடக்கின்றன. காரணத்தை அவன் வருகிற எல்லோரிடமும் சொல்வான்.

“வெளிநாட்டுக்காரன் மணல் உள்ள வராதுன்னு நெனச்சு செய்யிறான். நான் வரும்னு நெனச்சு செய்யிறேன்.”

அதாவது, ஒன்றோடு ஒன்று பொருந்தும் எந்த இடத்திலும் மணலுக்கென்று இரண்டு மில்லிமீட்டர் விடுவான். மணல் வரும், இருக்கும், போகும். இயந்திரம் நிற்காது. சத்தம் மட்டும் போடும். சூஃப் பக்கத்து இயந்திரங்களெல்லாம் தூரத்திலேயே கேட்கும்.

இந்தப் பட்டறைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. உருளைக்கிழங்கு நடவுக் காலத்தில் பிவோவைத் தவிர வேறு வேலையைத் தொட மாட்டார்கள். ஊரே அப்படித்தான். கல்யாணம், வீட்டுக்குச் சுண்ணாம்பு, சொத்தைப் பல் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: உருளைக்கிழங்குக்கு அப்புறம். வருடத்துக்கு இரண்டு போகம்.

இரண்டு வருடங்களுக்கு முன் திஜானி லாக்கின் படத்தை வரைந்துகொண்டு பட்டறைக்குப் போனான். ஆக்சிலின் மேல் நகரும் ஒரு வளையம். வளையத்தில் எட்டுப் பல். டிஃபரன்ஷியல் கூட்டில் எட்டுக் குழி. லீவரை இழுத்தால் பல் குழியில் இறங்கும், இரண்டு சக்கரமும் ஒன்றாகும். லஸ்ஹர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிடித்திருந்தது. கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினான்.

“உருளைக்கிழங்குக்கு அப்புறம் பாத்துக்கலாம் மாப்ள.”

நான்கு உருளைக்கிழங்குகள் போயின. படம் ஆணியிலேயே இருந்தது, எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கறுத்தது. திஜானியும் வற்புறுத்தவில்லை. இதையும் எழுத வேண்டும். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் சிஹாம் இருவரையும் பார்த்துக் கேட்டாள்: “உருளைக்கிழங்குக்கு அப்புறம்னு ஒரு மாசம் உங்க காலண்டர்ல மட்டும் இருக்கா? எங்க காலண்டர்ல இல்லையே.”

[இது நான் எழுதியது. அவள் இதைவிட நன்றாகச் சொன்னாள். எனக்கு நினைவில்லை.]

4

ஜூலைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. சிஹாமின் அப்பாவுடைய வயலுக்குப் போயிருந்தார்கள். தார் சாலையிலிருந்து பதினொரு கிலோமீட்டர் மணல். திஜானி பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிஹாம் காலிச் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது சாக்கில் தேள் இருந்தது.

இங்கே தேள் கொட்டுவது செய்தி அல்ல. மருந்து இருக்கிறது, நகரத்தில். நேரத்துக்குப் போனால் பெரியவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் சிஹாமின் இதயம் கொஞ்சம் பழுதாகியிருந்தது.

திஜானி அவளை முன் இருக்கையில் உட்காரவைத்து ஓட்டினான். ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு மணல் மேடு பாதையின் மேல் நகர்ந்து வந்திருந்தது. முந்தின நாள் காற்று. ஏறும்போது வலது பின்சக்கரம் பொடி மணலில் இறங்கியது. இடது பின்சக்கரம் கெட்டி நிலத்தில் இருந்தது. டிஃபரன்ஷியல் தன் வேலையைச் செய்தது.

ஐம்பது நிமிடம்.

ஊர்க்காரர்கள் கேட்பார்கள்: டயரில் காற்றை இறக்கியிருக்கலாமே? இறக்கினேன். ஈச்ச மட்டை வெட்டிப் போட்டிருக்கலாமே? போட்டேன்.

[திருத்தம்: இறக்கினான். போட்டான்.]

சரி. இதற்கு மேல் மறைப்பதில் பயனில்லை. திஜானி நான்தான். இருந்தாலும் திஜானி என்றே தொடர்கிறேன். அவனால் சில காரியங்களைச் செய்ய முடிகிறது. உதாரணமாக, காரை மறுபடி ஓட்டுவது.

மட்டையின் மேல் ஏறிக் கார் வெளியே வந்தது. மருத்துவமனையில் எல்லோரும் ஓடினார்கள். யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதைத் தனி வாக்கியமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தேடிப் பார்த்தேன்.

பிறகு திஜானி டாக்டரிடம் கேட்டான், ஐம்பது நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. டாக்டர் நேர்மையான மனிதர். சீக்கிரம் வந்திருந்தால் வாய்ப்பு நன்றாக இருந்திருக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த வாக்கியத்தில் திஜானிக்குக் கேட்டது முன்பாதி மட்டும்.

ஆக, கேள்வி இதுதான். லாக் இருந்திருந்தால் அந்த மேட்டில் கார் ஏறியிருக்குமா? ஏறியிருக்கும் என்றால், நான்கு உருளைக்கிழங்குகளுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். ஏறியிருக்காது என்றால், யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி, லாக்கைச் செய்து அதே மேட்டுக்குக் கொண்டுபோவது.

இதை யோசித்தவன் திஜானி ஒருவன்தான் என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

5

நாற்பதாம் நாள். துக்க வீட்டுக் கூஸ்கூஸ் சாப்பிட்டு எல்லோரும் போன பிறகு லஸ்ஹர் கை கழுவினான். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினான். குழாயைப் பார்த்தபடியே சொன்னான்:

“நாளைக்கு வண்டிய கொண்டு வா.”

“நடவு நடக்குதே, மச்சான்.”

“நடக்கட்டும்.”

செப்டம்பர், நடவு உச்சத்தில். பட்டறையில் லஸ்ஹர் வாசல் கதவைப் பாதி இழுத்துவிட்டு, காரின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, பூசணிக்காயைக் கழற்றினான். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். ஹாஜி மன்சூர் என்ற பெரிய விவசாயி கதவுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டார். தன் பிவோ மூன்று நாளாக நொண்டுவதாகவும், நாற்பது ஆள் விதைக் கிழங்கோடு நிற்பதாகவும், இங்கே காரை வைத்து விளையாட்டு நடப்பதாகவும் உரக்கச் சொன்னார். லஸ்ஹர் தலையைத் தூக்காமல் சொன்னான்:

“உருளைக்கிழங்குக்கு அப்புறம் வாங்க ஹாஜி.”

ஹாஜி மன்சூர் வாயைத் திறந்தார். பிறகு கார் எது என்று பார்த்தார். யாருடைய கார் என்று பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வந்த வழியே குனிந்து வெளியே போனார். மற்ற இருவரையும் அவரே அழைத்துக்கொண்டு போனார்.

[லஸ்ஹரைப் பற்றி ஒரு சந்தேகம். நான் அவனை நல்லவனாக எழுதுகிறேனா? அவன் எனக்குச் சிகரெட் கொடுத்ததில்லை. கல்யாணத்தன்று என் அப்பாவிடம், மாப்பிள்ளைக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, பேனா பிடிப்பான் என்று சொன்னான். அவன் நல்லவனா என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. கடைசல் அவனிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.]

பதினொரு நாள் ஆனது. ஒரு லாரியின் அச்சிலிருந்து வளையத்துக்கு இரும்பு எடுத்தார்கள். டிராக்டரின் கேபிளை அளவுக்கு வெட்டினார்கள். லீவருக்குத் தண்ணீர் வால்வின் கைப்பிடி, சிவப்புப் பெயின்டோடு. திஜானி அளந்தான், லஸ்ஹர் கடைந்தான். அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் எண்கள்.

முதல் வளையத்தை மாட்டி, பட்டறை முற்றத்தில் ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கிவைத்து, லீவரை இழுத்துக் காரை எடுத்தார்கள். அரை மீட்டர் நகர்ந்தது. பிறகு உள்ளே யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தார்கள். எட்டுப் பல்லில் மூன்று இல்லை.

திஜானி உடைந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்து, கொண்டுவந்திருந்த பழைய அலுவலகப் பதிவேட்டில் குறித்தான். பல்லுக்கும் குழிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர். இறுக்கமாக உட்கார வேண்டிய பல் குழிக்குள் ஆடியிருக்கிறது. சுமை வந்ததும் ஓடிப் போய் மோதி உடைந்திருக்கிறது. திஜானியின் படத்தில் அரை மில்லிமீட்டர் என்று தெளிவாக இருந்தது, எண்ணெய்க் கறைக்கு அடியில்.

“ரெண்டு விட்டிருக்கியே, மச்சான்.”

“மணலுக்கு.”

“இதுக்குள்ள மணல் வராது. மூடின கூடு. எண்ணெய்தான் இருக்கு.”

லஸ்ஹர் வளையத்தை வாங்கிப் பார்த்தான். “பழக்கம்” என்றான்.

இங்கே கதையை நிறுத்தி இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அது வெறும் பழக்கம். இருபது வருடமாக எல்லாவற்றுக்கும் இரண்டு விட்ட கை, இதற்கும் விட்டது. இன்னொன்றில் அவனுக்கு நன்றாகத் தெரியும். இந்த வளையம் உடைய வேண்டும் என்றே விட்டான். உடைந்தால் அந்த மேட்டுக்குப் போக வேண்டாம். இரண்டு பக்கமும் எழுதி, இரண்டையும் கிழித்துவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

லஸ்ஹர் உடைந்த வளையத்தைக் கழிவுக் குவியலில் போட்டான். கைத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

“இது வேல செஞ்சா என்ன பண்ணுவ?”

“தெரியல.”

“செய்யலன்னா?”

“அதுவும் தெரியல.”

“எனக்குத் தெரியும்” என்றான் லஸ்ஹர். “வேல செஞ்சா நீ என்னைப் பாக்க வர மாட்ட. செய்யலன்னா வருவ. ஆனா நம்ம ரெண்டு பேருமே நம்ப மாட்டோம், நான் சரியா செய்யலன்னு நெனப்போம்.”

அது சரியான கணக்காக இருந்தது.

லஸ்ஹர் ஆணியிலிருந்து படத்தை எடுத்தான். கறையைச் சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, எண்ணை வாசித்தான். இரண்டாவது வளையத்தை இரண்டு நாள் கடைந்தான். அரை மில்லிமீட்டர். அவன் வாழ்க்கையில் செய்த முதல் இறுக்கமான பொருள் அது. மாட்டி இழுத்தபோது சத்தமே வரவில்லை. அந்தப் பட்டறையில் யாரும் அதைக் கேட்டுப் பழகியதில்லை.

6

வெள்ளிக்கிழமை காலை. திஜானி ஓட்டினான். லஸ்ஹர் முன் இருக்கையில் உட்கார்ந்தான். வேறு இருக்கை இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. அதில் மண்வெட்டியும் ஈச்ச மட்டையும் இருந்தன.

தார் சாலை முடிந்ததும் லஸ்ஹர் தன் பக்கத்துக் கண்ணாடிக் கைப்பிடியில் கை வைத்தான்.

“வேகுது மாப்ள. எறக்கட்டுமா?”

“வேணாம்.”

லஸ்ஹர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். காரணம் கேட்கவில்லை. இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு விரல் அளவுக்கு மணல் கிடந்ததை அவன் பார்த்திருக்க வேண்டும்.

வயலுக்குப் போய், திரும்பி, நகரத்தின் திசையில் வந்தார்கள். அதே திசையில் வந்தால்தான் சோதனை. ஐந்தாவது கிலோமீட்டர். மேடு அங்கேயே இருந்தது. கொஞ்சம் நகர்ந்திருந்தது என்று லஸ்ஹர் சொன்னான். இல்லை என்றான் திஜானி. காற்றழுத்தம் அன்றைக்கு இருந்த அளவு. கியரும் வேகமும் அன்றைக்குப் போலவே. வலது பின்சக்கரம் பொடி மணலில் இறங்கியது. சுற்றியது. கார் நின்றது.

எல்லாம் சரியாகத் தப்பாகியது. இந்த வாக்கியத்தை அடிக்க வேண்டும். இருக்கட்டும்.

சிவப்புக் கைப்பிடி இருவருக்கும் நடுவில் இருந்தது. திஜானி அதன் மேல் கை வைத்தான். லஸ்ஹர் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தான்.

“எதுவா இருந்தாலும் வீட்ல சொல்லக் கூடாது. அம்மாகிட்ட, யார்கிட்டயும்.”

“சொல்ல மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

லஸ்ஹர் கையை எடுக்கவில்லை. இரண்டு கையும் சேர்ந்தே லீவரை இழுத்தன. பல் குழியில் இறங்கியது. சத்தம் இல்லை.

7

நான் எழுதிவைத்திருக்கும் முடிவுகள்:

அ) கார் ஏறியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேட்டின் உச்சியில் காரை நிறுத்தினார்கள், இருவரும் இறங்கவில்லை. அதற்கடுத்த போகம் முழுக்க திஜானி பட்டறைப் பக்கம் போகவில்லை.

ஆ) கார் ஏறவில்லை. முன்பு ஒரு சக்கரம் தோண்டிய இடத்தில் இப்போது இரண்டு சக்கரமும் ஒற்றுமையாகத் தோண்டின. ஐம்பது நிமிடம் மட்டை போட்டார்கள். திரும்பி வரும் வழியில் லஸ்ஹர் முதல் முறையாகச் சிகரெட் கொடுத்தான்.

இ) ஆக்சில் முறிந்தது. எதுவும் தெரியவில்லை. புதிய ஆக்சில் வர வேண்டும். உருளைக்கிழங்குக்கு அப்புறம்.

மூன்றில் ஒன்று நடந்தது. எது என்று இரண்டு பேருக்குத் தெரியும். சத்தியம் செய்திருக்கிறேன். வீடு என்பதில் வாசிப்பவர்களும் அடக்கமா என்று லஸ்ஹரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்பான். லீவரை இழுத்த பிறகு நடந்ததை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் என்னிடம் காட்ட வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். அன்றைக்கு அந்த ஐம்பது நிமிடத்தில் சிஹாம் கடைசியாகப் பேசியது. அதற்கும் பிரதிகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவள் ‘பயப்படாத’ என்றாள். ஒன்றில் லாக்கைப் பற்றிக் கேலி செய்தாள். ஒன்றில் இரண்டு பேரையும், அண்ணனையும் என்னையும், பெயர் சொல்லி மன்னித்தாள்; அது ஒரு முழுப் பக்கம், நன்றாக வந்திருந்தது. அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. நான் மட்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, பின்னால் எடுத்துப் பார்க்கலாம் என்று ரிவர்ஸ் போட்டு மிதித்தேன். வலது பின்சக்கரம் முன்பக்கமாக மணலை வாரி அடித்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாக அவள் மடியிலும் தோளிலும் கொட்டியது. அவள் கண்ணாடிக் கைப்பிடியைப் பிடித்தாள். சுற்றப் பலமில்லை. என் பக்கம் திரும்பினாள். முகத்தில் வலியைவிட எரிச்சல்தான் தெரிந்தது. வீட்டில் நான் செருப்போடு உள்ளே வரும்போது வருமே, அந்த எரிச்சல்.

“கண்ணாடிய ஏத்திவிடேன். மணலெல்லாம் உள்ள வருது.”